திருவாதிரையை நம்பிய குருவிகள்

இரவில் பறக்கும் பறவைகளுக்கு வழி எப்படித் தெரிகிறது என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வலசை எதற்கு என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நேராக எனக்குப் பிடித்த குருவிக்கு வருகிறேன்.

இண்டிகோ பன்டிங், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கோடையில் கூடு கட்டும். எடை சுமார் 14 கிராம். ஆண் குருவி உடம்பு முழுக்க அவுரி நீலம். ஆனால் இறகில் நீலச் சாயம் துளியும் கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தால் கறுப்பாகத்தான் தெரியும். கோடை முடிந்ததும் பெட்டையைப் போலப் பழுப்பேறி, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் என்று தெற்கே கிளம்பிவிடும்.

1960-களில் ஸ்டீஃபன் எம்லன் என்ற ஆய்வாளர், ஒற்றுத்தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடியில் ஸ்டாம்ப் பேட் வைத்து, உள்ளே குருவியை விட்டார். மேலே வலை, அதன் வழியே வானம். வலசைக் காலத்தில் குருவிக்கு இரவில் இருப்புக் கொள்ளாது. போகவேண்டிய திசையில் தாவும், சறுக்கும், மறுபடி தாவும். பிறகு தாளைப் பிரித்தால் மைத்தடங்கள். கோகுலாஷ்டமிக்கு அம்மா வாசலிலிருந்து பூஜை அறைவரை மாவில் பதிக்கும் குட்டிப் பாதங்களைப் போல, எந்தப் பக்கம் நடை என்பதில் சந்தேகமே வராது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு அலுக்கவே அலுக்காத பகுதி. குஞ்சுகளைக் கையால் தீனி ஊட்டி வளர்த்து, மூன்று கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு நட்சத்திரமே காட்டவில்லை. இன்னொன்றுக்குக் கோளரங்கத்தில், துருவ நட்சத்திரத்தைச் சுற்றும் வழக்கமான வானம். மூன்றாவதற்கு ஒரு பொய் வானம்: எல்லா நட்சத்திரங்களும் திருவாதிரையைச் சுற்றின. வலசைக் காலம் வந்தது. முதல் கூட்டம் திக்குத் தெரியாமல் தாவியது. இரண்டாவது தெற்கே தாவியது. மூன்றாவது, திருவாதிரையை வடக்கென்று நம்பி, அதற்கு நேர் எதிரே தாவியது! 1970-இல் இது 'சயின்ஸ்' இதழில் வெளியானது. நட்சத்திரப் படம் இந்தக் குருவிக்குப் பிறவியில் வருவதில்லை. வானத்தில் எந்த இடம் சுழலாமல் நிற்கிறதென்று குஞ்சுப் பருவத்திலேயே பார்த்துப் படித்துக்கொள்கிறது.

படிக்க இருட்டு வேண்டுமே. நகரங்களோ ஆளில்லாத மாடிகளில்கூட விடிய விடிய விளக்கெரிக்கின்றன. இரவில் பறக்கும் பறவைகளை அந்த வெளிச்சம் இழுக்கிறது, கண்ணாடி கொல்கிறது. 2023 அக்டோபரில் சிகாகோவில் ஒரே கட்டடத்தில் ஒரே இரவில் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் மோதி இறந்தன. மறு ஆண்டு அந்தக் கண்ணாடிகளில் புள்ளி போட்ட ஃபிலிம் ஒட்டினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. அங்கே விழுந்த பறவைகளை 1978 முதலே அந்நகர அருங்காட்சியகம் ஒன்றின் ஆட்கள் பொறுக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஃபிலிம் ஒட்ட 46 வருடம்!