தாங்கல் கரைசல் ஆக்கும் முறை

தொண்டை நாட்டில் நீரைத் தேக்கி வைக்கும் சிற்றேரியைத் 'தாங்கல்' என்பர். வேதியியலிலும் இச்சொல் பொருத்தமுற அமைந்துள்ளது. சிறிதளவு அமிலமோ காரமோ சேரினும் தன் பிஎச் மதிப்பைப் பெரிதும் மாற்றிக் கொள்ளாது நிற்பதே தாங்கல் கரைசலாகும். நம் குருதியின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையே நிலைபெறுவதற்குப் பைகார்பனேட் தாங்கல் பெருந்துணை புரிகின்றது.

பிஎச் என்னும் அளவை முறையை 1909இல் டென்மார்க் நாட்டின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் வகுத்தார். இதில் ஓரலகு மாறினால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு பத்து மடங்கு மாறும். ஆதலின் சிறு பிழையும் ஆய்வைக் கெடுத்துவிடும்.

தாங்கலுக்கு ஒரு வீரியம் குறைந்த அமிலமும் அதன் உப்பும் வேண்டும். அவ்வமிலத்தின் பிகேஏ மதிப்பு, நாம் விரும்பும் பிஎச்சிலிருந்து ஓரலகுக்கு மேல் விலகலாகாது. பிஎச் 5.0 வேண்டுமெனக் கொள்வோம். அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76. வேறுபாடு 0.24, அதன் எதிர்மடக்கை 1.74. எனவே அமிலம் ஒரு பங்காயின் உப்பு 1.74 பங்கு.

0.1 மோலார் செறிவில் ஒரு லிட்டர் ஆக்க, மூன்று நீர் மூலக்கூறுகள் கொண்ட சோடியம் அசிட்டேட்டை 8.64 கிராம் எடுத்து, ஏறத்தாழ 900 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைக்க வேண்டும். அதில் 2.1 மி.லி. அடர் அசிட்டிக் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். பின்னர், 4.0, 7.0 ஆகிய திட்டக் கரைசல்களால் சரிசெய்த பிஎச் மானியில் அளத்தல் வேண்டும்.

மானி 5.0க்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதை நம் எளிய கணக்கு கருதுவதில்லை. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாகச் சேர்த்து 5.0ஐ எட்டிய பின்னரே, ஒரு லிட்டர் அளவுக்கு நீர் சேர்க்க வேண்டும். முதலிலேயே அளவை நிறைத்துவிட்டால், பின்னர்ச் சேரும் காரத்தால் செறிவு பிறழும். எல்லை கடந்துவிட்டால் மீண்டும் அமிலம் ஊற்றி ஈடுகட்டுவதினும் புதிதாகத் தொடங்குவதே நன்று.

வெப்பநிலையையும் மறத்தலாகாது. டிரிஸ் தாங்கலின் பிஎச், ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.03 மாறும். 25 பாகையில் ஆக்கியதை 4 பாகையில் பயன்படுத்தினால் 0.6 அளவு உயர்ந்துவிடும்.

மாணவர் சிலர், கணக்கில் வந்த 5.0ஐயே ஆய்வேட்டில் எழுதிவிடுவதுண்டு. அது தகாது. கணக்கு வழி காட்டும். மானியே ஊர் சேர்க்கும். மானியில் கண்டதைக் கண்டவாறே, வெப்பநிலையோடு எழுதுவதே அறிவியலுக்கு நாம் செய்யும் நேர்மையாகும்.