பனி விழுந்தால்தான் அவரை பூக்கும்

ஏப்ரல் கடைசியில் நியூ ஜெர்சியில் நாலு நாள் சேர்ந்தாற்போல வெயில் அடிக்கும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். போன வருடம் நாங்கள் நம்பினோம்.

ஊரிலிருந்து அத்தையும் மாமாவும் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஐம்பது வருடம் காடுகழனி பார்த்தவர் அத்தை. இங்கே காலையில் நாங்கள் மூன்று பேரும் கிளம்பிப் போனால், சாயங்காலம் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "எத்தனை நேரந்தான் டிவி பாக்கறது கண்ணு? இந்தப் பொறத்தால சும்மா கெடக்குதே, ஒரு பாத்தி போட்டுக்கலாமா?" என்று கேட்டார். அந்த சனிக்கிழமையே என் கணவர் ஹோம் டிப்போவிலிருந்து பலகை, மண் மூட்டை, தொழு உரம், கம்பி வலை எல்லாம் வாங்கி வந்துவிட்டார். 380 டாலர். வில்லியம் அலெக்சாண்டர் என்று ஒருவர் 2006இல் தன் தோட்ட அனுபவத்தை எழுதிய புத்தகத்துக்கே '64 டாலர் தக்காளி' என்றுதான் பெயர் வைத்தார். அப்போது சிரித்தோம்.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வருபவர்கள் புடவை மடிப்பில் விதை முடிந்துகொண்டு வருவது நம் வழக்கம். அமெரிக்காவுக்குள் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விதை கொண்டுவர அனுமதி இல்லை. ஏர்போர்ட்டில் வயதானவர்கள் திணறுவதைப் பார்க்க வேண்டாமே என்று முன்பே போனில் சொல்லிவிட்டேன். அத்தைக்கு வருத்தம்தான். வெண்டை, சுரை, பாகல், கொடி அவரை, பரங்கி எல்லாம் இங்கேயே வாங்கினோம்.

ஏப்ரல் 27ஆம் தேதி தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றெல்லாம் நட்டாயிற்று. மே முதல் வாரம் ஒரு ராத்திரி குளிர் 33 டிகிரிக்கு இறங்கியது. காலையில் பார்த்தால் மிளகாயும் கத்தரியும் வெந்த கீரை மாதிரி கிடந்தன. பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் வேலி மேல் கையை வைத்துக்கொண்டு, "மதர்ஸ் டே வரைக்கும் பொறுத்திருக்கணும்" என்றார். நட்ட அன்றைக்கும் அவர் அங்கேதான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம்!

மறுபடி நட்டோம். வெண்டைக்கு மண் சூடேற வேண்டும் என்பதால் ஜூன் பிறக்கும் வரை அத்தை தொடவில்லை. பாகல் விதையின் ஓட்டை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுப் புதைத்தார். பத்துக்கு எட்டு முளைத்தது.

ஜூலையில் எங்கள் வீட்டில் பேச்சே மாறிப்போயிற்று. நான் ஆபீஸிலிருந்து வந்ததும் காபிக்கு முன்னால் "வா, காட்டறேன்" என்று இழுத்துக்கொண்டு போவார். தக்காளிச் செடி ஆள் உயரம். ஆனால் 90 டிகிரிக்கு மேல் ஒரு வாரம் வெயில் காய்ந்ததில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. பகலில் அவ்வளவு சூடும் ராத்திரியும் குளிராத வெக்கையும் சேர்ந்தால் தக்காளியில் மகரந்தம் வேலை செய்யாதாம். பிடித்த காய்களில் பாதிக்கு அடியில் கறுப்பாக அழுகல். ஏதோ நோய் என்று மருந்து தேடினேன். நோயே இல்லை. ஒரு நாள் வெள்ளமாக ஊற்றி மூன்று நாள் மறந்துபோனால், மண்ணில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான். மறந்தவள் நான் என்பதால் அந்த விஷயத்தை அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சுரைக்காய்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. பிஞ்சு பிஞ்சாக வந்து, விரல் நீளம் ஆனதும் மஞ்சளாகிச் சுருண்டு விழும். "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்று அத்தை ஒரு பழைய செருப்பைப் பந்தலில் கட்டிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, சுரைப்பூ சாயங்காலம் மலர்கிறது. பகலில் வரும் தேனீக்களால் அதற்குப் பிரயோஜனம் இல்லை. இரவில் வரும் அந்துப்பூச்சி எங்கள் பக்கம் குறைவு போலிருக்கிறது. ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிக் காய் வைத்திருக்கும் பெண் பூவில் நாமே தடவிவிட வேண்டும். தினமும் எட்டரை மணிக்கு மாமா செல்போன் டார்ச் பிடிக்க, அத்தை தடவ, என் பத்து வயது மகள் எண்ணிக் குறித்துக்கொள்வாள். செருப்பு வேறு பந்தலில் தொங்கியது. ஆகஸ்டில் பதினேழு சுரைக்காய். தெருவில் எல்லாருக்கும் கொடுத்து, அப்புறம் எங்களைப் பார்த்தாலே கதவைச் சாத்துகிற அளவுக்குப் போயிற்று. எது செய்தது என்று வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

பரங்கிக் கொடி ஒன்று நட்ட நடு மத்தியானம் துவண்டு விழுந்தது. தண்ணீர் ஊற்றியும் எழவில்லை. அத்தை கொடியின் அடியைப் பார்த்தார். மரத்தூள் மாதிரி ஏதோ கசிந்திருந்தது. பிளேடால் தண்டை நீளவாக்கில் கீறி, உள்ளே இருந்த வெள்ளைப் புழுவை எடுத்துப் போட்டுவிட்டு, கீறிய இடத்தையும் அடுத்த இரண்டு கணுக்களையும் மண்ணால் மூடினார். கணுவில் வேர் விட்டுக் கொடி பிழைத்துக்கொண்டது. குளவி போலத் தோற்றமுள்ள ஒரு அந்துப்பூச்சி தண்டில் முட்டையிடுவதால் வருகிற வினை இது. ஊரில் இந்தப் பூச்சியை அவர் பார்த்ததே இல்லை. "புழு எங்கியிருந்தாலும் புழுதான" என்றார்.

கிரவுண்ட்ஹாக் வந்து பீன்ஸ் பாத்தியை ஒரே ராத்திரியில் மொட்டையடித்ததை எழுதினால் எனக்கு மறுபடி கோபம் வரும். வலையை ஓர் அடி ஆழம் புதைத்து, வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். அது போதும்.

எல்லாம் காய்த்தது, அவரையைத் தவிர. ஜூலை முடிந்து ஆகஸ்ட் முடிந்தும் பந்தல் முழுக்க இலைதான். ஒரு மொக்கு கிடையாது. தழைச்சத்து அதிகமாகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். அத்தை சிரித்தார். "ஆடியில போட்டா தையில காய்க்கறது கண்ணு அது. பனி விழுந்தாத்தான் அவரை பூக்கும்." இங்கே பனி விழுந்தால் செடியே இருக்காதே அத்தை என்றேன்.

தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை, காரணம் மட்டும் பனி இல்லை, பகல். நாட்டுக் கொடி அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஒட்டன்சத்திரத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. எங்களுக்கு ஜூனில் 15 மணி நேரம். செப்டம்பர் பாதி வரை செடிக்கு இது கோடைதான். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை வகைகள் இருக்கின்றன. தெரிந்திருந்தால் அதைப் போட்டிருப்போம்.

செப்டம்பர் 16ஆம் தேதி முதல் ஊதாப்பூ. அவர்களுக்கு டிக்கெட் அக்டோபர் 9. அத்தை காலையும் மாலையும் பந்தலடியில் நின்றார். பூ பிஞ்சாயிற்று, பிஞ்சு தட்டையாக நீண்டது, பருப்பு வைக்கவில்லை. "நானிருக்கறப்ப ஒரு பொரியலுக்குத் தேறும்னு பாத்தேன்" என்றார், பெட்டி கட்டும்போது. டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளலாமா என்று என் கணவர் கேட்டார். ஆறு மாதக் கெடு 14ஆம் தேதியோடு முடிகிறது. அவரைக்காய்க்காக அந்த விளையாட்டு வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார்.

அக்டோபர் 19, சனிக்கிழமை. இரவு உறைபனி விழும் என்று போனில் எச்சரிக்கை வந்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நானும் மகளும் டார்ச்சோடு பந்தலுக்குப் போனோம். கை மரத்துப்போக, எட்டியவரைக்கும் பறித்தோம். எடை போட்டால் 2 பவுண்டுக்குக் கொஞ்சம் கூட. அங்கே விடிகாலை ஐந்தரை. வீடியோவில் கூடையைக் காட்டினேன்.

அத்தை கூடையைப் பார்க்கவில்லை. "வெதைக்கு ரெண்டு உட்டியா கண்ணு?" என்றார்.

உச்சியில் எட்டாமல் போன நாலு காயைச் சொல்லி, விட்டிருக்கிறேன் என்றேன். மறுநாள் காலையில் இலையெல்லாம் கறுத்துத் தொங்கியது. ஏணி வைத்து ஏறி அந்த நாலையும் பறித்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே விதை இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.