அகழ்பொறியின் சங்கிலித் தடம்

அகழ்பொறியின் சங்கிலித் தடம் என்பது அகழ்பொறி நகர்வதற்கும், நிலைத்து நின்று தோண்டுவதற்கும் சக்கரங்களுக்குப் பதிலாகப் பயன்படும் எஃகு வளையம் ஆகும். தமிழ்நாட்டில் அகழ்பொறியைப் பொக்லைன் என்று அழைப்பது வழக்கம். பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரே இவ்வாறு பொதுப்பெயர் ஆயிற்று. சங்கிலித் தடம் பேச்சு வழக்கில் செயின் எனப்படுகிறது. பொறியின் எடையை அகன்ற பரப்பில் பரப்புவதால் சேற்று நிலத்திலும் பொறி எளிதில் புதைவதில்லை. தடத்தின் ஆயுள் பெரும்பாலும் அதன் இறுக்கத்தைப் பொறுத்தது. மிகுதியாக இறுக்கினால் தடம் விரைவில் தேயும். மிகுதியாகத் தளர்ந்தால் கழன்று விழும்.

வரலாறு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்டாக்டன் நகரை அடுத்த மென்மையான விளைநிலங்களில் கனமான நீராவி இழுபொறிகளின் சக்கரங்கள் புதைந்தன. இதற்குத் தீர்வாகப் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், சக்கரங்களை நீக்கித் தடங்களைப் பூட்டிய இழுபொறியை 1904 நவம்பர் 24 அன்று சோதித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஹார்ன்ஸ்பி நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ராபர்ட்ஸ் தமது தட அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஹோல்ட் நிறுவனமும் பெஸ்ட் நிறுவனமும் 1925 இல் இணைந்து கேட்டர்பில்லர் நிறுவனம் உருவானது. கேட்டர்பில்லர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கம்பளிப்பூச்சி என்று பொருள்.

அமைப்பு

எஃகுக் கண்ணிகள் பின், புஷ் ஆகியவற்றால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுச் சங்கிலி உருவாகிறது. 20 டன் வகை அகழ்பொறியின் ஒரு பக்கச் சங்கிலியில் ஏறத்தாழ 45 முதல் 50 வரை கண்ணிகள் இருக்கும். ஒவ்வொரு கண்ணியின் மீதும், தரையில் படியும் ஷூ எனப்படும் தகடு போல்ட்டுகளால் பொருத்தப்படுகிறது. பிற முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

* பற்சக்கரம்: தடத்தின் பின்முனையில் உள்ளது. நீரியல் மோட்டாரால் சுழன்று சங்கிலியை இழுக்கிறது.
* ஐட்லர்: முன்முனையில் உள்ள பற்களற்ற சக்கரம். இது முன்னும் பின்னும் நகரக்கூடியது.
* கீழ் உருளைகள்: பொறியின் எடையைச் சங்கிலியின் மீது தாங்குகின்றன.
* மேல் உருளைகள்: மேலே செல்லும் சங்கிலி தொங்காமல் தாங்குகின்றன.
* இறுக்கும் உருளை: ஐட்லருக்குப் பின்னால் உள்ள கிரீஸ் நிரம்பிய சிலிண்டர். இதனுடன் அதிர்ச்சியை ஏற்கும் வலுவான சுருள்வில் ஒன்றும் உண்டு.

இறுக்கத்தின் விளைவுகள்

தடம் மிகுதியாக இறுகியிருந்தால் பின்னும் புஷ்ஷும் பெரும் விசையுடன் உராய்கின்றன. பற்சக்கரம், ஐட்லர், உருளைகள் ஆகியவையும் விரைவில் தேய்கின்றன, எரிபொருளும் வீணாகிறது. தடம் மிகுதியாகத் தளர்ந்திருந்தால் திரும்பும்போதோ சரிவில் செல்லும்போதோ ஐட்லரை விட்டுக் கழலக்கூடும்.

பற்சக்கரத்தில் சேறு அடைந்து இறுகும்போது, அதே நீளமுள்ள சங்கிலி பெரிய வட்டத்தைச் சுற்ற நேர்கிறது. இதனால் யாரும் தொடாமலேயே இறுக்கம் கூடுகிறது. எனவே சேற்று நிலத்தில் தடத்தைச் சற்றுத் தளர்வாகவும், கடினமான தரையில் சற்று இறுக்கமாகவும் வைப்பர். வேலை செய்யும் இடம் மாறினால் இறுக்கத்தையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

அளக்கும் முறை

மேற்கட்டமைப்பை 90 பாகை திருப்பி, வாளியின் வளைந்த அடிப்பகுதியைத் தரையில் ஊன்றி, ஒரு பக்கத் தடத்தைத் தரையிலிருந்து உயர்த்துவர். பின் அத்தடத்தை முன்னும் பின்னும் சுழற்றி, ஒட்டியுள்ள மண்ணை உதிர்ப்பர். சட்டத்தின் அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, தடம் முற்றிலும் நின்ற பின்னரே அளக்க வேண்டும். சட்டத்தின் நடுப்பகுதியின் அடிக்கும், கீழே தொங்கும் ஷூவின் மேற்பரப்புக்கும் இடையிலான தொலைவே தொய்வு ஆகும். 20 டன் வகைப் பொறிகள் பலவற்றில் இது ஏறத்தாழ 300 மி.மீ. இருக்கும். சில தயாரிப்பாளர்கள், ஐட்லருக்கும் மேல் உருளைக்கும் இடையே நேரான சட்டம் ஒன்றை வைத்து, மேற்புறத் தொய்வை அளக்கச் சொல்கின்றனர். அம்முறையில் 10 முதல் 30 மி.மீ. வரை என்பது பரவலாகக் காணப்படும் அளவாகும். சரியான அளவைப் பொறியின் கையேட்டில் இருந்தே பெற வேண்டும்.

சரிசெய்தல்

தடத்தை இறுக்க, சட்டத்தின் பக்கவாட்டில் உள்ள நிப்பிள் வழியாகக் கிரீஸ் கன் கொண்டு கிரீஸ் செலுத்தப்படுகிறது. கிரீஸ் சிலிண்டரின் தண்டைத் தள்ள, ஐட்லர் முன்னே நகர்கிறது. தளர்த்துவதற்கு வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து கிரீஸை வெளியேற்றுவர். வெளியேறாவிட்டால் வால்வை மேலும் திறக்காமல், தடத்தை முன்னும் பின்னும் மெதுவாகச் சுழற்ற வேண்டும்.

ஆபத்துகள்

சிலிண்டரில் உள்ள கிரீஸ் மிகுந்த அழுத்தத்தில் இருக்கும். வால்வை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தினால் வால்வோ கிரீஸோ பாய்ந்து வெளிவரக்கூடும். எனவே முகத்தையும் உடலையும் வால்வுக்கு நேரே வைக்கக்கூடாது. நிப்பிளைக் கழற்றித் தடத்தைத் தளர்த்தவும் கூடாது. தோலைத் துளைத்து உட்புகுந்த கிரீஸ் வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு காயமாகவே தெரியும். உள்ளே திசுக்களை அழித்துக்கொண்டிருக்கும். வலி குறைவாக இருந்தாலும் தாமதமின்றி அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். அமுக்கப்பட்ட சுருள்வில்லைத் தக்க கருவிகள் இன்றிப் பிரிப்பதும் உயிருக்கு ஆபத்தானது.

தேய்மானமும் பராமரிப்பும்

ஒவ்வொரு புஷ்ஷிலும் ஏற்படும் தேய்மானம் சிறிதே. எனினும் எல்லாக் கண்ணிகளிலும் அது சேரும்போது சங்கிலி நீள்கிறது. நீண்ட சங்கிலியின் கண்ணி இடைவெளி பற்சக்கரத்தின் பற்களுடன் பொருந்தாததால் பற்களும் கூர்மையாகத் தேய்கின்றன. ஐட்லர் தன் எல்லை வரை நகர்ந்த பின்னும் தடம் தளர்ந்திருந்தால், ஒரு கண்ணியை நீக்குவது தற்காலிகத் தீர்வே ஆகும். கண்ணி இடைவெளி அதனால் குறைவதில்லை.

பராமரிப்பில் பின்வருவன முதன்மையானவை:

* வேலை முடிந்ததும் உருளைகளிலும் பற்சக்கரத்திலும் உள்ள சேற்றை அகற்றுதல்
* ஷூ போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா எனப் பார்த்தல்
* உருளைகளில் எண்ணெய்க் கசிவு உள்ளதா எனப் பார்த்தல்
* தேவைக்கு மேல் அகலமான ஷூக்களைத் தவிர்த்தல்

ஓட்டும் முறையும் தேய்மானத்தைப் பாதிக்கிறது. பின்னோக்கி ஓட்டும்போது சங்கிலியின் மேற்பகுதி முழுவதும் இழுவிசைக்கு உள்ளாவதால் புஷ்கள் கூடுதலாகத் தேய்கின்றன. எனவே நெடுந்தொலைவு செல்லும்போது பற்சக்கரம் பின்னால் இருக்குமாறு ஓட்டுவது நல்லது. மேற்கட்டமைப்பு திரும்பிப் பற்சக்கரம் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும்போது நெம்புகோல்களின் இயக்கமும் தலைகீழாகும் என்பதால், நகரும் முன் பற்சக்கரம் எப்பக்கம் உள்ளது எனப் பார்ப்பது அருகில் நிற்போரின் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது.