தண்டம் கட்டினால் தீர்ந்ததா?

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறி வரும் பஸ் டயகமவோடு நின்றுவிடும். அதற்கு மேல் மலையும் காடும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாம் அங்கு போயிருந்தோம். லயங்களுக்குக் கீழே உள்ள சிறிய மைதானத்தில் இளைஞர்கள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாத்திரம் லயத்து வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் விளையாடுவதில்லையா தம்பி?" என்று கேட்டோம்.

"முந்தி விளையாடுனேங்க. இப்ப போறதில்ல" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி லீவில், இதே மைதானத்து ஓரத்தில் நான்கு பேர் காசு வைத்துச் சீட்டு ஆடியிருக்கிறார்கள். பொலிஸார் வந்து பிடித்துப் போனார்கள். இரவு முழுவதும் கூட்டில். மறுநாள் நீதிமன்றத்தில், "குற்றத்தை ஒத்துக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று யாரோ சொன்னார்கள். ஒத்துக்கொண்டார்கள். அம்மா தோட்டை அடகு வைத்துத் தண்டம் கட்டினார். விஷயம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றுப் பத்திரம் கேட்டபோது பழைய வழக்கு முன்னால் வந்து நின்றது. விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மைதானத்திலும் நிலைமை மாறியது. "கேஸ்காரனோடு சேராதே" என்று சில தாய்மார் பிள்ளைகளைத் தடுத்தார்கள். ஜீப் சத்தம் கேட்டாலே அவர் உள்ளே போய்விடுகிறார்.

பழைய கதை

நம்மவர்களுக்கு வழக்கும் சிறையும் புதியவை அல்ல. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி வேலையை விட்டுப் போவதும், துரையின் சொல்லை மீறுவதும், மதிப்பில்லாமல் பேசுவதும்கூடக் குற்றம். அதற்குச் சிறைத்தண்டனையும் இருந்தது. கடனைக் காட்டும் 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. சேர். பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் எதிர்த்துப் போராடிய பின்னரே 1920களின் தொடக்கத்தில் இவை நீங்கின. அன்று துண்டு ஆளைக் கட்டி வைத்தது. இன்று ஒரு பழைய பதிவு அதே வேலையைச் செய்கிறது.

எது குற்றம்?

பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கும் சில காரியங்கள் சட்டத்தின் கண்ணில் குற்றங்கள். பொது இடத்தில் பணம் வைத்துச் சூதாடுவதை 1889ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் குற்றமாக்கியது. கசிப்புக் காய்ச்சுவதும் விற்பதும் கைவசம் வைத்திருப்பதும் 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கசிப்பு குடும்பங்களை அழிப்பதை நாமே கண்டிருக்கிறோம். அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் லயத்துக் காம்பராவுக்கு வெளியே கூடிப் பேசவும் ஆடவும் வேறு இடமில்லாத இளைஞர்கள்தான் சுலபமாக அகப்படுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டியவை

குற்றத்தை ஒத்துக்கொள்வது வீட்டுக்குப் போகும் குறுக்குவழி அல்ல. அது குற்றத்தீர்ப்பாகப் பதிவாகலாம். ஆகவே அதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் பேச வேண்டும். வசதியில்லாதவர்களுக்கு உதவவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது.

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு முக்கியமானது. குற்றம் சிறியது என்றால், வயதையும் முன்நடத்தையையும் பார்த்து, குற்றவாளி எனத் தீர்க்காமலே நீதவான் ஒருவரை விடுவிக்கலாம். கேட்காவிட்டால் யாரும் நினைவூட்டமாட்டார்கள்.

தண்டம் கட்ட முடியாமலே பெருந்தொகையானோர் ஆண்டுதோறும் சிறைக்குப் போகிறார்கள். சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்ய 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

மொழியும் ஒரு தடை. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டாம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்புக் கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை.

நாம் செய்யக்கூடியது

சட்டத்தைச் சட்டத்தரணி பார்ப்பார். மைதானத்தை நாம்தான் பார்க்க வேண்டும். ஒருவர் தண்டம் கட்டிய பிறகும் லயமும் சங்கமும் விளையாட்டுக் கழகமும் அவருக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டே இருந்தால், அவர் போய்ச் சேரும் இடம் கசிப்புக் கூட்டம்தான்.

நாம் புறப்படும்போது பந்து லயத்து வாசல்வரை உருண்டு வந்தது. அந்தத் தம்பி எழுந்து அதைத் திருப்பி அடித்தார். "வாடா, ஒராளு கொறயுது" என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. அவர் ஒருமுறை எங்களைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போனார்.