தேடியும் அகப்படாத மின்னஞ்சல்

நமது சங்கங்களிற் பலவும் இப்பொழுது கடிதப் போக்குவரத்தைப் பெரும்பாலும் மின்னஞ்சல் வாயிலாகவே நடத்தி வருகின்றன. நெசவாளர் நூல் கேட்டு அனுப்பிய கடிதமாயினும், பயிர்க்கடன் பற்றிய விண்ணப்பமாயினும், கணினியில் தேடி எடுப்பதே வழக்கமாகிவிட்டது. தேடு பெட்டியில் ஒரு சொல்லை இட்டு ஒன்றும் வாராதாயின், "அப்படியொரு கடிதம் வரவில்லை" என்று அங்கத்தினருக்கு விடை கூறிவிடுகின்றனர். அவர் மறுபடி மனுச் செய்வதற்குள் கெடு கடந்துவிடுகிறது. வராத கடிதம் வேறு. அகப்படாத கடிதம் வேறு. இரண்டையும் பிரித்தறியும் வகையை இங்கு விளக்க விரும்புகிறோம்.

தேடும்போது கணினி கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பதில்லை. முன்னரே தொகுத்து வைத்த சொல்லட்டவணை ஒன்றையே புரட்டுகிறது. நூலின் இறுதியில் அச்சிடப்படும் பொருளகராதியைப் போன்றது அது. அதில் ஏறாத கடிதம் பெட்டிக்குள் இருந்தும் இல்லாததற்கே சமானம்.

அவுட்லுக் செயலியைக் கணினியில் நிறுவி உபயோகிக்கும் அலுவலகங்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அதே அஞ்சற் கணக்கை இணைய உலாவியில் திறந்து, அதே சொல்லைத் தேடுக. அங்கே அகப்பட்டு, செயலியில் அகப்படாவிடின், கோளாறு நம் கணினியில் இருக்கிறதென்று கொள்ளலாம். ஒருகால், கடந்த ஓராண்டுக் கடிதங்களை மட்டும் கணினியில் வைத்துக்கொள்ளும்படி கணக்கு அமைக்கப்பட்டிருக்கும். அதனை 'அனைத்தும்' என்று மாற்ற வேண்டும். அன்றேல், சொல்லட்டவணை சிதைந்திருக்கும். விண்டோஸின் அட்டவணை அமைப்புப் பகுதியில் அதனைப் புதிதாகக் கட்டச் சொல்லலாம். இதனால் கடிதங்கள் அழிந்துபோகும் என்று குமாஸ்தாக்கள் அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் வேண்டுவதில்லை. அழிவது அட்டவணை மட்டுமே. ஆனால் பெரிய பெட்டியாயின் பல மணி நேரம் பிடிக்கும். அது முடியும் வரை தேடல் அரைகுறையாகவே இருக்கும். மாலையில் தொடங்கிக் கணினியை அணைக்காது விட்டுச் செல்வது நலம்.

ஜிமெயில் உபயோகிப்போர் மற்றொன்றை நினைவிற் கொள்க. அதன் சாதாரணத் தேடல் ஸ்பேம் பகுதியையும் குப்பைப் பகுதியையும் பார்ப்பதில்லை. அவ்விடங்களிலுள்ளவை 30 நாட்களில் தாமாகவே அழிந்தும் போகும். ஆகவே அவ்விரண்டையும் உடனடியாகத் தனியே திறந்து பார்ப்பது அவசியம்.

இனி, நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. கூட்டுறவு நூற்பாலை அமைந்த ஊராதலின் திருபுவனையின் பெயர் நம் கடிதங்களில் அடிக்கடி வருவது. அதனை ஆங்கில எழுத்தில் 'டி'யை அடுத்து 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும், 'பி'யை அடுத்து 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகின்றனர். முதலசையைத் 'திரு' என்பாரும் 'திரி' என்பாரும் உளர். சோழர் காலத்தில் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என வழங்கிய ஊர் இது. பின்னவர்களிடமும் வழக்குக்கு ஆதாரம் இல்லாமலில்லை! கணினிக்கோ இவை வெவ்வேறு சொற்கள். வில்லியனூரும் பாகூரும் இவ்வாறே. 2006இல் யூனியன் பிரதேசத்தின் பெயர் புதுச்சேரி என மாறியதால், அதற்கு முந்திய கடிதங்களைப் பாண்டிச்சேரி என்றே தேட வேண்டும்.

தமிழிலே தேடினும் இடரே. 'சங்கம்' என்று இட்டால், 'சங்கத்திற்கு' என்றுள்ள கடிதம் அகப்படாமற் போகலாம். வேற்றுமை ஏற்றபோது சொல்லின் ஈறு திரிந்துவிடுகிறது. இதனினும் பெரிய தடை பழைய எழுத்துருக்கள். பாமினி போன்றவற்றில் தட்டிய கடிதம் நம் கண்ணுக்குத் தமிழ். கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்துக் குவியல். அதனைத் தமிழ்ச் சொல்லால் ஒருகாலும் தேட இயலாது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்றது. நமது சங்கங்களிலும் இனித் தட்டுவன யாவும் யூனிகோடாகவே இருத்தல் வேண்டும் என்பது எங்கள் துணிபு.

இப்படிப்பட்ட பழைய கடிதங்களுக்குச் சொல்லை விட்டு, அனுப்பியவரின் அஞ்சல் முகவரியையும் தேதியையும் கொண்டு தேடுவதே தக்கது. கையொப்பமிட்டு ஸ்கேன் செய்து இணைத்த மனுவுக்கும் இதுவே வழி. அது கணினிக்குப் பெரும்பாலும் வெறும் படமே. அத்தகைய மனுவை அனுப்பும் அங்கத்தினர், தமது அங்கத்தினர் எண்ணையும் விஷயத்தையும் கடிதத் தலைப்பிலேயே தட்டிவிட்டால், அலுவலகத்தார் அந்த எண்ணை இட்டே எடுத்துவிடலாம்.