வண்டி வீட்டில் வாயுக் கணப்பு

வீராம்பட்டினத்தார்க்குக் கணப்பு என்பது ஏட்டிற் கண்ட பொருளே. மார்கழியிலும் எம்மூர்க் கடற்காற்று ஈரத்தைக் கொணருமேயன்றி எலும்பை நடுக்கும் குளிரைக் கொணராது. எனினும், வேன் ஒன்றின் இருக்கைகளைக் கழற்றிப் படுக்கையும் அடுப்பும் அமைத்து உதகமண்டலம் போன்ற மலையூர்களுக்குச் செல்லும் விருப்பம் இக்காலத்து இளைஞரிடைப் பிறந்துளது. எம் தெருவினர் சிலரும் அத்தகைய வண்டியொன்றில் வாயுக் கணப்பு வைக்கக் கருதினர். அதுபற்றி யாம் கற்றறிந்தவற்றை ஈண்டு எழுதலுற்றேம்.

நெடுநல்வாடையிலே, கூதிர்க் காலத்து மக்கள் கதவங்களை அடைத்துத் தடவில் நெருப்பிட்டுக் குளிர் காய்ந்தமை பேசப்படுகின்றது. அகன்ற மாளிகையில், காற்றுப் புகும் இடுக்குகள் பல உள்ளவிடத்து, அஃது இயன்றிருக்கலாம். தகட்டால் மூடப்பட்ட வண்டியோ ஒரு பெட்டியேயாம்.

புரொப்பேன் நிறைந்த காற்றில் எரியுங்கால் கரியமில வாயுவும் நீராவியுமே தோன்றும். ஒரு கிலோ புரொப்பேன் எரியின் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் உண்டாம். ஆகலின் புகைபோக்கியில்லாக் கணப்பு வைத்த வண்டியின் சுவர்கள் விடியலில் வியர்த்து நிற்கும். இது சிறு தொல்லை. பிராணவாயு குறைந்துழித் தோன்றும் கார்பன் மோனாக்சைடே பெருங்கேடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் உறுத்தாது. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதினும் 200 மடங்கிற்கு மேற்பட்ட வன்மையோடு இதனைப் பற்றும். தலைவலியும் குமட்டலும் மயக்கமும் அதன் குறிகள். விழித்திருப்போன் உணர்ந்து வெளியேறலாம்; உறங்குவோன் உணரான்.

2020 ஜனவரியில் நேபாளத்துத் தாமன் என்னும் மலையூரில், கேரளத்தினின்று சென்ற எண்மர் ஓரறையைத் தாழிட்டு வாயுக் கணப்பை ஏற்றி உறங்கினர்; எண்மரும் மாண்டனர். அவருள் நால்வர் குழந்தைகள். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். அங்கே கொன்றது கணப்பன்று, ஜெனரேட்டரின் புகை. அது வண்டித் தளத்துத் துளை வழியே உட்புகுந்ததென்றும், இரண்டு மணி நேரத்தில் பத்து லட்சத்தில் 957 பங்கு கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவிற்றென்றும் கோழிக்கோட்டுத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தார் ஆராய்ந்து கண்டனர். ஒரு துளை செய்த வேலை இது.

எனவே, தீயறையின் காற்று வண்டியின் காற்றோடு கலவாத கணப்பையே தெரிந்துகொள்ளல் வேண்டும். அஃது எரிதற்குரிய காற்றை ஒரு குழாயால் வெளியினின்று ஈர்த்து, புகையை மற்றொரு குழாயால் வெளியே விடும். உள்ளே உள்ள காற்று உலோகச் சுவருக்கு இப்பாலே சூடேறி மீளும். இவ்வகைக் கணப்பின் விலையைக் கேட்ட எம் தெருவினர் தடித்த கம்பளியே போதுமென்று பேசலாயினர், அதுவும் பிழையன்று. வைப்பதாயின், புகைக்குழாய் துருவேறா எஃகாயிருக்க வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தை வெப்பந்தாங்கும் பொருளால் இடைவெளியின்றி அடைத்தல் வேண்டும். குழாயின் வாயை வண்டியின் அடியிலேயே முடித்துவிடலாகாது. நின்ற வண்டிக்கடியில் தேங்கிய புகை, வடகரையிற் போலவே, மேலேறி வரும். அவ்வாய் வண்டியின் விளிம்பைக் கடந்தும், சாளரத்திற்கும் காற்றிழுக்கும் குழாய்க்கும் எட்டவும் அமைதல் வேண்டும். இவ்வேலையைப் பழகிய மெக்கானிக்கிடமே ஒப்புவித்தல் நன்று.

புரொப்பேன் காற்றினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமுடையது. கசிந்தால் மேலெழாது, நீர்போல் தளத்தில் தேங்கும். ஆதலின் சிலிண்டரை நிமிர்த்தி, வண்டியின் உட்புறத்தோடு தொடர்பற்ற பேழையுள் வைத்து, பேழையின் அடியில் வெளிநோக்கிய துளை விடல் வேண்டும். கசிவைச் சோப்பு நீரால் ஆராய்க. தீக்குச்சியால் ஆராயும் துணிவுடையாரும் உளர். அத்துணிவை யாம் பாராட்டோம்.

வாயுக் கசிவை அறிவிக்கும் கருவி தளத்தருகிலும், கார்பன் மோனாக்சைடை அறிவிக்கும் கருவி உறங்குவோர் தலைமாட்டளவிலும் இருத்தல் வேண்டும். ஒன்றன் பணியை மற்றொன்று செய்யாது. இவ்விரண்டும் இருப்பினும், சமையல் அடுப்பைக் கணப்பாக்கலும் கரிச்சட்டியை உள்ளே கொணர்தலும் கூடா.