விஷக் காய்ச்சலும் ஏற்றத்தாழ்வும்

"காய்ச்சலுக்கு ஏழை பணக்காரன் தெரியுமா? வந்தா எல்லாருக்கும்தான் வரும்" என்று எங்கள் பாம்பூஃப்ளாட் கடைத்தெருவில் பலமுறை கேட்டிருக்கிறேன். இது பாதி உண்மை. கிருமி ஆள் பார்த்து வருவதில்லை. ஆனால் சாவு ஆள் பார்த்துத்தான் வந்திருக்கிறது. நான் மருத்துவம் படித்தவனல்லன், கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவன். அந்தக் கண்ணோடு படித்தறிந்ததைத் தமிழன்பர்கள் முன் வைக்கிறேன்.

பம்பாய்க் கணக்கு

1918 ஜூன் மாதம் பம்பாயில் இன்ப்ளூயன்சா தலைகாட்டியது. செப்டம்பரில் இரண்டாம் அலையாகத் திரும்பியபோது கொடூரமாயிற்று. அக்டோபர் 6 அன்று மட்டும் அந்நகரில் 768 பேர் மாண்டனர். இந்தியா முழுவதும் 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு.

பம்பாயில் இறந்தவர்களை இனம், சமயம், சாதி வாரியாகவும் கணக்கெடுத்தார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் இறந்தவர் 8.3, பார்சிகளில் 9, முஸ்லிம்களில் 19.2, ஏனைய இந்துக்களில் 18.9. 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று அன்றைய ஏட்டில் எழுதப்பட்டவர்களில் 61.6! ஒரே ஊர், ஒரே கிருமி. ஐரோப்பியரில் ஒருவர் செத்த விகிதத்துக்கு இவர்களில் ஏழு பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு கேள்வி எழும். அன்று இந்த நோய்க்குப் பயன்படும் தடுப்பூசி இல்லை, பெனிசிலினும் இல்லை. விலைக்கு வாங்க மருந்தே இல்லாத காலத்தில் வசதி எப்படி உயிரைக் காத்தது?

விடை மூன்று. முதலாவது இடம். பத்துப் பேர் படுக்கும் ஒற்றை அறையில் ஒருவர் இருமினால் எல்லாருக்கும் ஒட்டும். தனி அறை உள்ளவன் ஒதுங்கிக்கொள்வான். இரண்டாவது உடம்பு. அந்த வருஷம் மழை பொய்த்து, தானிய விலை ஏறிக் கிடந்தது. அரைவயிற்றுக்காரன் நோயைத் தாங்கவில்லை. மூன்றாவது கைத்துணை. கஞ்சி வைத்துக் கொடுக்க, தண்ணீர் மொண்டு வர ஆள் இருந்தவர் எழுந்தார். கூலிக்காரர் வீட்டில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எல்லாரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் யார் அடுப்பு மூட்டுவது?

நம் தீவின் கணக்கு

பம்பாய் தூரத்து ஊர் என்று நினைக்க வேண்டாம். நாம் குடியேறியுள்ள இந்த மண்ணின் கதை அதைவிடக் கசப்பானது. 1858-ல் ஆங்கிலேயர் கைதிக் குடியேற்றம் அமைத்தபோது பெரிய அந்தமானியர் சில ஆயிரம் பேர் இருந்தனர். 1868-ல் நிமோனியா, 1876-ல் மேகநோய், 1877-ல் தட்டம்மை, 1892-ல் இன்ப்ளூயன்சா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1901 குடிமதிப்பில் எஞ்சியவர் 625 பேர், 1931-ல் 90, 1961-ல் 19.

1877-ன் தட்டம்மை சென்னையிலிருந்து வந்த கைதிகளோடு கப்பலேறி வந்தது. நம்மில் பலரின் முன்னோர் வந்த அதே கடல்வழி! சிறுவயதில் அம்மை கண்டவரை அது மறுபடி தொடுவதில்லை. அந்நோயையே அறியாத அந்தமானியரோ, பெரியவர் சிறியவர் எல்லாரும் ஒருசேர விழுந்தனர். வேட்டைக்குப் போகவும் நீர் கொண்டுவரவும் ஆளில்லை. 1863 முதல் அரசு அமைத்த 'அந்தமான் இல்லங்களில்' அவர்களை ஒன்றுசேர்த்து வைத்திருந்ததும் பரவலுக்கு வழியாயிற்று. கப்பல் வரலாமா கூடாதா என்று அவர்களை யார் கேட்டார்கள்?

கடல் ஒரு கதவு

அந்தக் கேள்விக்குப் பசிபிக் கடலில் விடை கிடைக்கிறது. நியூசிலாந்து ஆட்சியிலிருந்த மேற்கு சமோவாவில், 1918 நவம்பர் 7-ல் 'தலூன்' என்ற கப்பல் நோயாளிகளோடு வந்து சேர்ந்தது. தடுப்பார் இல்லை. தீவு மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மடிந்தனர். பக்கத்திலேயே உள்ள அமெரிக்க சமோவாவில் ஆளுநர் கப்பல்களைத் தடுத்து வைத்தார். அங்கே ஒரு சாவுகூட இல்லை. இரு தீவுகளிலும் ஒரே இன மக்கள்தான். கதவைச் சாத்தியவருக்கும் சாத்தாதவருக்கும் உள்ள வித்தியாசம் அத்தனை உயிர்கள்.

மனிதர் நினைத்தால் கணக்கு மாறும் என்பதற்கு இங்கேயே சாட்சி உண்டு. 1999-ல் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியபோது மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்தார்கள். 1877-ன் நாசம் திரும்பவில்லை.

நாம் செய்யக்கூடியது

போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது. ஆனால் பாம்பூஃப்ளாட்காரர் அங்குள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போக சாத்தம் படகில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் சாலையில் வெகுதூரம் சுற்ற வேண்டும் என்ற நிலை மாறவில்லை. மாதச் சம்பளக்காரர் ஒருநாள் லீவு போட்டுப் போய்வருவார். தினக்கூலிக்காரர் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார். அந்த நாளைக்குள் சளி நெஞ்சில் இறங்கிவிடும்.

எங்கள் சமணப் பெரியோர் தானத்தை ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என நான்காக வகுத்தனர். அதாவது உணவு, அடைக்கலம், மருந்து, அறிவு. பம்பாயில் 61.6 பேருக்குக் கிடைக்காமல் போனவையும் இவையே. அடுத்த கொள்ளைநோய் வருமுன் நம் சங்கம் ஒரு பட்டியல் எழுதி வைக்கலாம்: ஒற்றை அறையில் இருக்கும் குடும்பங்கள், தனியாக வாழும் முதியோர், தினக்கூலிக்காரர்கள். படுத்துவிட்ட வீட்டுக்குப் பத்து நாள் அரிசி பருப்பு, படகேற்றிக் கூட்டிப்போக ஒரு ஆள், தடுப்பூசி பற்றித் தமிழில் நாலு வரி. இதற்குப் பெரிய முதல் வேண்டாம். நோய் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.